கடிகாரத்துக்கு நேரம் சொல்பவர் யார்? முவக்கித் முதல் மதர்போர்டு வரை



மணலி புதுநகரில் வாழும் நம் குடும்பங்களில் ஒரு நாளைக்குள் எத்தனை கடிகாரங்களைப் பார்க்கிறோம் என்று எண்ணிப் பார்ப்போம். கூடத்துச் சுவரில் ஒன்று, கைப்பேசியில் ஒன்று, பிள்ளைகளின் கணினித் திரையின் ஓரத்தில் ஒன்று. பள்ளிவாசலில் ஐந்து வக்துகளையும் சிவப்பு எழுத்தில் காட்டும் மின்னணுப் பலகை ஒன்று. வேலைக்குச் செல்வோருக்கு ஆலை வாயிலில் விரல் வைக்கும் வருகைப்பதிவுக் கருவியில் மற்றொன்று. இவை ஐந்தும் ஒரே நேரத்தைக் காட்டுவது அரிது. ஒன்று அரை நிமிடம் முந்தும். ஒன்று இரண்டு நிமிடம் பிந்தும். அருகருகே உள்ள இரு பள்ளிகளின் பாங்கு ஒன்றன்பின் ஒன்றாக ஒலிப்பதற்கும் பல வேளைகளில் இதுவே காரணம்.

அப்படியானால் சரியான நேரம் எது? ஒரு கடிகாரம் தவறு என்று மற்றொரு கடிகாரத்தைக் கொண்டு சொல்கிறோம். அந்த மற்றொன்றுக்கு நேரம் சொன்னவர் யார்? இந்தக் கேள்வியை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். அதற்கென்று ஒரு பணியையே பள்ளிவாசல்களில் ஏற்படுத்தினார்கள். நாம் வாழும் சென்னையும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அக்கேள்விக்குத் தன் விடையைப் பீரங்கி முழக்கத்தால் சொல்லி வந்தது. இன்று கணினியின் மதர்போர்டில் இருக்கும் சிறு கடிகாரத்திடமும் அதே கேள்வியையே கேட்கிறோம். இந்தக் கட்டுரை அந்த வரலாற்றைப் பற்றியது.

முவக்கித் என்னும் பணியாளர்

தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை. அதன் நேரங்களோ சூரியனைச் சார்ந்தவை: விடியல் வெளிச்சம், உச்சி சாய்தல், நிழலின் நீளம், மறைவு, செவ்வானம் அடங்குதல். மேகமற்ற நாளில் கண்ணால் பார்த்தே இவற்றை அறியலாம். பெரிய நகரங்களில், மழைக்காலங்களில், ஆயிரக்கணக்கானோர் ஒரே பாங்கை எதிர்பார்க்கும் இடங்களில் அது போதவில்லை. எனவே ஏறத்தாழ ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில், எகிப்தில் மம்லூக்குகளின் ஆட்சிக்காலத்தில், பெரிய பள்ளிவாசல்களில் முவக்கித் என்ற பணி தோன்றியது. வக்துகளைக் கணித்துச் சொல்பவர் என்பது அதன் பொருள். முஅத்தின் பாங்கு சொல்வார். எப்போது சொல்ல வேண்டும் என்பதை முவக்கித் சொல்வார்.

இவர்களில் பெரும்புகழ் பெற்றவர் திமிஷ்கின் உமையாப் பள்ளிவாசலில் பணியாற்றிய இப்னு ஷாத்திர். ஹிஜ்ரி 773இல், அதாவது கி.பி. 1371-72இல், அப்பள்ளியின் மினாரில் வைப்பதற்காக ஒரு பெரிய சலவைக்கல் நிழற்கடிகாரத்தை அமைத்தார். கோள்களின் இயக்கத்தை ஆராய்ந்து நூல் எழுதிய பேரறிஞர் அவர். ஆயினும் அவருடைய அன்றாடக் கடமை பள்ளிவாசலின் நேரத்தைச் சரியாக வைத்திருப்பதே. 19ஆம் நூற்றாண்டில் அக்கல் உடைந்தபோது அதே பள்ளியின் முவக்கித்தான தன்தாவீ அதன் நகலைச் செய்து மினாரில் வைத்தார். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அப்பணி அங்கே தொடர்ந்திருந்தது என்பதை இது காட்டுகிறது.

நிழற்கடிகாரம் இரவில் பயன்படாது. இரவுக்கு நீர்க்கடிகாரம் வேண்டும். நீர்க்கடிகாரத்துக்கோ ஒரு குறை உண்டு: தொட்டியில் நீர் குறையக் குறைய ஒழுக்கின் வேகமும் குறையும். ஹிஜ்ரி 602இல், கி.பி. 1206இல், தம் இயந்திர நூலை நிறைவு செய்த அல் ஜஸரீ இக்குறையைத் தீர்க்க மிதவையால் இயங்கும் ஒழுங்குபடுத்தியைப் பயன்படுத்தினார். தமக்கு முன்னோர் வகுத்த அளவுகளை அப்படியே ஏற்காமல், தாமே சோதித்து, பிழை கண்ட இடத்தில் புதிதாக அளவிட்டார். இன்று பொறியாளர்கள் அளவுத்திருத்தம் என்று சொல்லும் வேலை இதுவே.

உஸ்மானியர் ஆட்சியில் இஸ்தான்புல்லின் பள்ளிகளையொட்டி முவக்கித்கானா என்னும் சிறு கட்டடங்கள் எழுந்தன. அங்கே அன்று நாளின் 12 மணி என்பது சூரியன் மறையும் நொடி. மறைவு நாளுக்கு நாள் மாறுவதால் கடிகாரத்தையும் இடையறாது திருத்தியாக வேண்டும். முவக்கித்கானாவின் சாளரத்தருகே வைக்கப்பட்ட கடிகாரங்களைப் பார்த்து வழிப்போக்கர்கள் தம் சட்டைப்பைக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு போவார்கள். அந்தக் கடிகாரங்களை முவக்கித் திருத்துவார். முவக்கித்தைத் திருத்துவது சூரியன். இந்த வரிசையை நாம் நினைவில் வைப்போம். இன்றைய கணினிகளும் இதே வரிசையில்தான் நேரம் பெறுகின்றன.

நுங்கம்பாக்கத்துத் தூணும் கோட்டைப் பீரங்கியும்

இனி நம் நகருக்கு வருவோம். 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் வில்லியம் பெட்ரி தம் சொந்தச் செலவில் தொடங்கிய வானாய்வுக்கூடத்தைக் கம்பெனி ஏற்று, 1792இல் நுங்கம்பாக்கத்தில் அதற்கெனக் கட்டடம் எழுப்பியது. வானாய்வுக் கருவியைத் தாங்குவதற்காக அங்கே நிறுத்தப்பட்ட பெரிய கருங்கல் தூண் இன்றும் மண்டல வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. லத்தீனோடு தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி எழுத்துகளும் அதன்மேல் பொறிக்கப்பட்டுள்ளன.

அக்கூடத்தின் வேலை விண்மீன்களைக் காண்பது மட்டுமன்று. குறிப்பிட்ட ஒரு விண்மீன் தலைக்கு மேலுள்ள உச்சிவட்டத்தைக் கடக்கும் நொடி முன்கூட்டியே கணிக்கப்பட்டிருக்கும். தொலைநோக்கியில் அது கடப்பதைப் பார்க்கும்போது கடிகாரம் என்ன காட்டுகிறது என்று குறிப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே கடிகாரத்தின் பிழை. அடுத்தடுத்த இரவுகளில் இதைச் செய்தால், கடிகாரம் நாளொன்றுக்கு எத்தனை விநாடி ஓடிப்போகிறது அல்லது பின்தங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

வானியலர் ஜான் கோல்டிங்காம் 1802இல் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்து, சென்னை நேரம் கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது என்று நிறுவினார். இன்றைய அளவீட்டில் அக்கூடம் அவர் சொன்னதைவிடச் சற்று மேற்கே இருக்கிறது. நேரக் கணக்கில் ஏறத்தாழ கால் நிமிட வேறுபாடு. எல்லாக் கடிகாரங்களையும் திருத்திய கூடத்தின் கணக்கும் பின்னர் திருத்தப்பட வேண்டியிருந்தது என்பது நாம் படிப்பினை பெற வேண்டிய செய்தி.

அக்கூடத்தின் நேரம் நகருக்குப் பீரங்கி வழியாகச் சென்றது. நாள்தோறும் இரவு 8 மணிக்குப் புனித ஜார்ஜ் கோட்டையில் நேரப் பீரங்கி முழங்கியது. கரைக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த கப்பல்களுக்கு இது வாழ்வா சாவா என்ற செய்தி. நடுக்கடலில் தீர்க்கரேகையை அறியக் கப்பலில் துல்லியமான கடிகாரம் வேண்டும். அது 4 விநாடி பிழைத்தால் நிலநடுக்கோட்டருகே கப்பல் இருக்குமிடத்தின் கணக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் பிழைக்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒலி உடனே வந்து சேர்வதில்லை. நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர்தான் செல்கிறது. கோட்டையிலிருந்து இராயபுரத்துக்கு அது வந்து சேர ஏறத்தாழ 8 விநாடி ஆகும். திருவொற்றியூர் வரை கேட்டால் 25 விநாடி. கோல்டிங்காம் இதையே ஓர் ஆராய்ச்சியாக்கினார். கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுடப்பட்ட பீரங்கிகளின் ஒளியைக் கண்டதற்கும் ஒலியைக் கேட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தைப் பலமுறை அளந்து, ஒலியின் வேகத்தைக் கணித்து 1823இல் வெளியிட்டார். நேரத்தைக் கேட்பவர், அது தம்மை அடைய எடுத்துக்கொண்ட காலத்தையும் கழிக்க வேண்டும். இந்தக் கழித்தல் பின்னர் வேறோர் இடத்தில் நமக்குத் தேவைப்படும்.

அக்கூடத்தில் முதன்மை உதவியாளராகப் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியை நம் மக்கள் பலரும் அறியார். 1867இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்தவர் அவர். வழிவழி வந்த பழைய வாய்பாட்டை அப்படியே ஒப்பிக்காமல், வானில் கண்டதோடு ஒத்துப்பார்த்துப் பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று வாதிட்டு, அவ்வாறே வெளியிட்டும் வந்தார். சமூகங்கள் வேறாயினும், கையில் இருக்கும் அட்டவணையை வானத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும் என்ற கவலை ஒன்றே.

ஒன்பது நிமிடங்கள்

1856இல் இராயபுரம் நிலையத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்டது. இரயில் பெருகப் பெருக, ஊருக்கொரு நேரம் வைத்திருப்பது இயலாததாயிற்று. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டதாக இருந்ததாலும், வானாய்வுக்கூடம் தந்தி வழியாக நேரக்குறிப்பு அனுப்பி வந்ததாலும், இந்திய இரயில்வேயின் பொது நேரமாகச் சென்னை நேரமே நடப்பிலிருந்தது. நுங்கம்பாக்கத்தில் ஒரு விண்மீனைப் பார்த்துத் திருத்திய கடிகாரத்தின்படி தொலைதூர நிலையங்களில் வண்டிகள் ஓடின.

1906 சனவரி 1 முதல் இந்தியத் திட்டநேரம் வந்தது. அது கிரீன்விச்சுக்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது, 82.5 பாகை தீர்க்கரேகையைச் சார்ந்தது. சென்னைக் கடிகாரங்கள் ஏறத்தாழ 9 நிமிடம் முன்னே தள்ளப்பட்டன. சூரியன் தள்ளப்படவில்லை. ஆகவே சென்னை நேரப்படி 12 மணியையொட்டி வந்த நண்பகல், புதிய கடிகாரத்தில் சராசரியாக 12.09க்கு வந்தது. பூமியின் சுற்றுப்பாதை காரணமாக அதுவும் ஆண்டு முழுதும் நிலையாக இருப்பதில்லை. நம் மணலி புதுநகரில் நவம்பர் தொடக்கத்தில் உச்சி 11.53 அளவிலும் பிப்ரவரி நடுவில் 12.23 அளவிலும் வருகிறது. லுஹரின் வக்து அட்டவணையில் மாதந்தோறும் நகர்வதன் காரணம் இதுவே. கடிகாரம் மனிதர் ஏற்படுத்திய உடன்பாடு. வக்து அல்லாஹ் படைத்த சூரியனின் நிலை. இவ்விரண்டையும் இணைப்பது அட்டவணை. அட்டவணை எவ்வளவு சரியாக இருந்தாலும், அதை ஒப்பிடும் கடிகாரம் பிழையானால் பயன் குறையும்.

வியப்பான ஒன்று: சென்னை நேரம் இன்றும் முற்றாக மறையவில்லை. உலகின் கணினிகளும் கைப்பேசிகளும் பயன்படுத்தும் நேரமண்டலத் தரவுத்தொகுப்பில் இந்தியாவுக்கான பதிவு கொல்கத்தாவின் பெயரில் இருக்கிறது. அப்பதிவின் பழைய வரிகளில், 1906 சனவரி 1 வரை இந்தியாவின் நேரம் 5 மணி 21 நிமிடமும் சில விநாடிகளும் என்றும், அதன் பெயர் சென்னைச் சராசரி நேரம் என்றும் குறிக்கப்பட்டுள்ளது. நுங்கம்பாக்கத்துத் தூணின் நினைவை நம் பிள்ளைகளின் கணினி ஒவ்வொன்றும் சுமந்துகொண்டிருக்கிறது.

மதர்போர்டில் ஒரு சிறு படிகம்

1981இல் வந்த முதல் ஐ.பி.எம். தனிக்கணினியில் நிலையான கடிகாரம் இல்லை. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தேதியையும் நேரத்தையும் பயனரே தட்டச்சு செய்ய வேண்டும். 1984இல் வந்த ஏ.டி. வகைக் கணினியில்தான் பேட்டரியால் இயங்கும் கடிகாரச் சில்லு இடம்பெற்றது. அதன் வழித்தோன்றல் இன்று எல்லா மதர்போர்டுகளிலும் இருக்கிறது. கணினியை அணைத்தாலும், மின்சாரம் போனாலும், காசு வடிவிலான சி.ஆர்.2032 பேட்டரியின் துணையோடு அது ஓடிக்கொண்டே இருக்கும். இதை வன்பொருள் கடிகாரம் என்கிறோம்.

அதன் இதயம் ஒரு குவார்ட்ஸ் படிகம். அது நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக 1 கிடைக்கும். அந்த ஒன்றே ஒரு விநாடித் துடிப்பு. ஆனால் எந்தப் படிகமும் துல்லியமாக இந்த எண்ணிக்கையில் அதிர்வதில்லை. பத்து இலட்சத்தில் 20 பங்கு வேறுபாடு சாதாரணமானது. எண்ணாகப் பார்த்தால் மிகச் சிறியது, நாளுக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு 50 விநாடிக்கு மேல்.

வெப்பம் இதை இன்னும் கெடுக்கும். இவ்வகைப் படிகங்கள் ஏறத்தாழ 25 பாகை செல்சியசில் நன்றாக ஓடும்படி வெட்டப்படுகின்றன. வெப்பம் அதைவிடக் கூடினாலும் குறைந்தாலும் அவை மெதுவாகின்றன, வேகமாவதில்லை. 45 பாகையில் நாளுக்கு ஒரு விநாடிக்கு மேல் பின்தங்கும். 55 பாகையில் இரண்டரை விநாடி. வெயிலில் காயும் தகரப் பெட்டிக்குள், காற்றோட்டமற்ற அறைக்குள் மாதம் முழுதும் இருந்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் பிந்திவிடும். சித்திரை வெயிலும் ஆலைகளின் வெக்கையும் அறிந்த வடசென்னைக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கன்று.

கணினிக்குள் இரண்டு கடிகாரங்கள் உள்ளன என்பதையும் அறிய வேண்டும். கணினி இயங்கத் தொடங்கும்போது, இயங்குதளம் வன்பொருள் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் கேட்டுக்கொள்கிறது. அதன்பின் தானே வேறொரு துடிப்பைக் கொண்டு எண்ணத் தொடங்கிவிடுகிறது. இதுவே திரையில் நாம் காணும் நேரம். இரண்டும் தனித்தனியே விலகும். சில இயங்குதளங்கள் வன்பொருள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கின்றன. விண்டோஸ் உள்ளூர் நேரத்தை வைக்கிறது. ஒரே கணினியில் இரண்டையும் மாறிமாறிப் பயன்படுத்துவோர் நேரம் 5½ மணி இடறுவதைக் கண்டு திகைப்பது இதனால்தான்.

இதைத் திருத்தும் முறை நுங்கம்பாக்கத்தில் நடந்த வேலையின் நேர்வாரிசு. கடிகாரத்தை ஒரு நம்பகமான நேரத்தோடு சரியாக வைக்க வேண்டும். பிறகு சில நாள் தொடாமல் விட வேண்டும். 10 நாள் கழித்து ஒப்பிடும்போது 14 விநாடி பிந்தியிருந்தால், நாளொன்றுக்கு 1.4 விநாடி என்று அதன் இயல்பு தெரிகிறது. லினக்ஸ் இயங்குதளம் இந்த எண்ணை ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். கணினி 20 நாள் அணைந்திருந்து மீண்டும் எழும்போது, வன்பொருள் கடிகாரம் 28 விநாடி பிந்தியிருக்கும் என்று கணித்து அதைக் கூட்டிக்கொள்ளும்.

கப்பல் கடிகாரங்களைச் சோதித்தவர்களும் இதையே செய்தார்கள். நல்ல கப்பல் கடிகாரம் என்பது பிழையே இல்லாத கடிகாரமன்று. அப்படி ஒன்று அன்று இல்லை. நாள்தோறும் ஒரே அளவில் பிழைப்பது நல்ல கடிகாரம். மூன்று விநாடி பிந்துவது நாள்தோறும் மூன்று விநாடியாகவே இருந்தால், மாலுமி அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்வார். இன்று ஒன்று, நாளை ஐந்து என்று மாறினால்தான் ஆபத்து. தன் குறை என்ன என்பது அறியப்பட்ட கருவியை நம்பலாம். குறையே இல்லை என்று நினைத்து ஒருபோதும் சோதிக்கப்படாத கருவியை நம்ப இயலாது.

தொலைவைக் கழித்து நேரம் கேட்பது

இணையம் வந்தபின் கணினிகள் தமக்கு மேலான கடிகாரத்திடம் நேரடியாக நேரம் கேட்கத் தொடங்கின. அதற்கான நெறிமுறையை அமெரிக்காவின் டேவிட் மில்ஸ் வகுத்தார். 1985இல் அதன் முதல் வரையறை வெளியானது. பிறவியிலேயே கண்ணழுத்த நோயோடு பிறந்து, இறுதிக்காலத்தில் முற்றிலும் பார்வை இழந்த அவர் 2024இல் காலமானார். அவருடைய என்.டி.பி. நெறிமுறையே இன்றும் உலகக் கணினிகளுக்கு நேரம் சொல்கிறது.

அது செய்வது, கோட்டைப் பீரங்கியின் ஒலியைக் கேட்டு நேரம் வைத்தவர் செய்ய வேண்டியிருந்த கழித்தலையே. நம் கணினி கேள்வியை அனுப்பிய நொடியையும் விடை வந்த நொடியையும் குறித்துக்கொள்ளும். மறுமுனையிலுள்ள சேவைக்கணினி கேள்வி வந்த நொடியையும் விடை அனுப்பிய நொடியையும் சொல்லும். இந்த நான்கிலிருந்து போய்வர எடுத்த காலம் கணிக்கப்படும். போகவும் வரவும் சமமான நேரம் ஆனது என்று கொண்டு, அதில் பாதியைக் கழித்தால் நம் கடிகாரத்தின் உண்மையான பிழை கிடைக்கும். பிழை சிறியதென்றால் கடிகாரத்தை ஒரே தாவாகத் தள்ளுவதில்லை. சற்றே வேகப்படுத்தியோ மெதுவாக்கியோ படிப்படியாகச் சரிசெய்கிறது. நேரம் பின்னோக்கித் தாவினால், பின்னர் நடந்தது முன்னர் நடந்ததாகப் பதிவாகிவிடும் அல்லவா? இவ்வாறு திருத்தப்பட்ட நேரத்தை லினக்ஸ் 11 நிமிடங்களுக்கு ஒருமுறை வன்பொருள் கடிகாரத்துக்கும் எழுதிவிடுகிறது.

நம் நாட்டில் இந்த வரிசையின் உச்சியில் இருப்பது புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கே சீசியம் அணுக்கடிகாரங்கள் இந்தியத் திட்டநேரத்தைக் காக்கின்றன. 1967 முதல் ஒரு விநாடி என்பதே சீசியம் அணுவின் 9,19,26,31,770 அதிர்வுகளாக வரையறுக்கப்பட்டுள்ளது. அந்தக் கடிகாரங்களும் தனித்து நின்று தீர்ப்புச் சொல்வதில்லை; பிற நாடுகளின் கடிகாரங்களோடு ஓயாமல் ஒப்பிடப்படுகின்றன. 2022 ஏப்ரல் 28 அன்று இந்தியாவின் கணினி அவசரகால எதிர்வினைக் குழு ஒரு கட்டளை பிறப்பித்தது. சேவை நிறுவனங்களும் தரவு மையங்களும் பிற நிறுவனங்களும் தம் கணினிகளின் நேரத்தைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சேவைக்கணினிகளோடு, அல்லது அவற்றோடு இணைந்தவற்றோடு, ஒத்துவைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. இணையக் குற்றத்தை விசாரிப்போர் இரு கணினிகளின் பதிவுகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, இரண்டும் ஒரே நேரத்தைப் பேசாவிட்டால் உண்மை புலப்படாது.

நம் பள்ளியிலும் ஆலை வாயிலிலும்

இணையத்தோடு இணைந்த கைப்பேசியும் கணினியும் இவ்வாறு தாமே திருந்திக்கொள்கின்றன. நம் கவலைக்குரியவை இணைப்பில்லாத கருவிகள். பள்ளிவாசலின் வக்துப் பலகை பெரும்பாலும் அத்தகையது. அதன் உள்ளேயும் ஒரு சில்லும் ஒரு படிகமும் ஒரு பேட்டரியும்தான் இருக்கின்றன. டி.எஸ்.3231 போன்ற சில்லு வெப்பத்தைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் நிற்கும். மலிவான சில்லுகளுக்கு அந்த வசதி இல்லை. அவை ஒரு மாதத்திலேயே அவ்வளவு விலகிவிடலாம்.

ஒரு நிமிடம்தானே என்று எண்ணலாம். ரமளானில் அதன் பொருளைப் பார்ப்போம். கடிகாரம் ஒரு நிமிடம் பிந்தினால், ஸஹர் முடிந்தபின்னும் முடியவில்லை என்று காட்டும். அதை நம்பிக் கடைசி மிடற்றுத் தண்ணீர் குடிப்பவர் ஃபஜ்ருக்குள் நுழைந்துவிடுகிறார். கடிகாரம் முந்தினால், சூரியன் மறையுமுன் மறைந்ததென்று காட்டும். அதை நம்பியவர் நோன்பை முன்னதாகத் திறந்துவிடுகிறார். முன்னர் கண்டபடி வெப்பம் கடிகாரத்தைப் பிந்தவே வைக்கும். ஆகவே கோடையில் வரும் ரமளானில் கவனிக்கப்படாத பலகை பெரும்பாலும் ஸஹர் பக்கத்தில்தான் பிழைக்கும். இத்தகைய பிழையால் நோன்புக்கு என்ன சட்டம் என்பதை ஆலிம்கள் சொல்வார்கள். பிழை வராமல் காப்பது நம் கையில் இருக்கிறது.

ஆலை வாயிலிலும் இவ்வாறே. மணலி, எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரத்தில் முறைவேலைக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நம் குடும்பங்களில் உள்ளனர். வருகைக் கருவி இரண்டு நிமிடம் முந்தினால், நேரத்துக்கு வந்தவர் தாமதமானவராகப் பதிவாவார். இரண்டு நிமிடம் பிந்தினால், முழு நேரம் உழைத்தவர் முன்னதாக வெளியேறியவராகப் பதிவாவார். படிகத்தின் பிழைக்குக் கூலியில் பிடித்தம் செய்தால் அது அளவையில் குறைசெய்வதேயாகும். தராசைச் சரியாக நிறுத்தும்படி நம் மார்க்கம் வலியுறுத்துகிறது. கூலி நேரத்தால் அளக்கப்படும் காலத்தில் கடிகாரமும் ஒரு தராசே. கடையோ பட்டறையோ நடத்தும் நம் சகோதரர்கள் பிறரைக் கேட்குமுன் தம் வாயிலிலுள்ள கருவியைப் பார்க்கட்டும்.

செய்ய வேண்டியது கடினமன்று. பள்ளியில் ஒருவர் இதற்குப் பொறுப்பேற்கட்டும். இளைஞர் ஒருவரே போதும். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவுக்கு முன் பலகையைத் தானியங்கி நேரம் வைத்த கைப்பேசியோடு ஒப்பிட்டு, தேதி, எத்தனை விநாடி, முந்தியதா பிந்தியதா என்று ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். எழுதியபின் திருத்தட்டும். நான்கு வாரத்தில் அந்தப் பலகையின் இயல்பு தெரிந்துவிடும். விலகல் ஒரே சீராக இருந்தால் திருத்திக்கொண்டு போகலாம். திடீரென மாறினால் பேட்டரியைப் பார்க்க வேண்டும். ரமளானுக்கு முந்திய வாரம் ஒருமுறை கட்டாயம் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேணுதலுக்காகச் சிலர் கடிகாரத்தையே இரண்டு நிமிடம் தள்ளி வைக்கிறார்கள். நோக்கம் நல்லது, வழி தவறானது. அட்டவணை தயாரித்தவர் ஏற்கெனவே பேணுதல் நிமிடங்களைச் சேர்த்திருக்கலாம். அப்போது அது இரட்டிப்பாகும். ஸஹருக்குப் பேணுதலாகும் முந்துதல் இஃப்தாருக்கு ஆபத்தாகும். பேணுதல் அட்டவணையில் வெளிப்படையாக எழுதப்படட்டும். கடிகாரம் உள்ளதை உள்ளபடி காட்டட்டும்.

முவக்கித் என்ற பெயர் நம் பள்ளிகளின் வழக்கத்தில் இல்லாமல் போகலாம். அந்தப் பொறுப்பு போய்விடவில்லை. இப்னு ஷாத்திர் சூரியனை நோக்கித் தம் கல்லைத் திருத்தினார். நுங்கம்பாக்கத்தில் விண்மீனை நோக்கி ஊசலைத் திருத்தினார்கள். தில்லியின் அணுக்கடிகாரமும் தன் தோழமைக் கடிகாரங்களோடு ஒப்பிட்டுத் திருந்துகிறது. நேரம் அல்லாஹ் நமக்கு அளித்த அமானிதம். பாங்கை நம்பி நோன்பு வைப்போருக்கும் வருகைக் கருவியை நம்பி உழைப்போருக்கும் அந்த அமானிதத்தில் உரிமை உண்டு. வாரம் ஒருமுறை, ஒரு குறிப்பேட்டோடு, சில நிமிடங்கள் அதற்காகச் செலவிடுவோம்.

நம் அமல்களை அவற்றின் நேரத்தில் நிறைவேற்றவும், பிறருடைய உரிமையில் ஒரு விநாடியும் குறைக்காமல் வாழவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.